முடிச்சூர்ப் பாலத்துக் கருவியும் கங்காதரனும்

2016ஆம் ஆண்டு, சித்திரை பிறந்து பத்து நாள்கள்கூட ஆகியிராத ஒரு காலைவேளையில்தான் அபிதகுஜாம்பாள் கங்காதரனை முதன்முதலாகச் சந்தித்தார். சந்தித்த உடனேயே அதட்டவும் செய்தார். மாடித் தொட்டி நிரம்பிப் படிக்கட்டு வழியாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கீழே மோட்டார்ப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, மடித்துக் கட்டிய வேட்டியும் நனைந்த பனியனுமாக ஒருவர் குந்தியிருந்தார். கறுத்து மெலிந்த உடல், காதோரம் நரை.

“வேலை முடிஞ்சதும் படியையும் துடைச்சுட்டுப் போப்பா. வயசானவங்க ஏறி இறங்கற இடம்.”

“சரிங்கம்மா,” என்றார் அந்த மனிதர். சொன்னபடியே துடைத்தும் வைத்தார்.

மறுநாள் பால் காய்ச்சுவதற்கு அழைப்பதற்காக, அதே மனிதர் சலவைச் சட்டையும் மனைவியுமாக மாடியேறி வந்து நின்றபோதுதான் கீழ்த்தளத்து வீட்டை வாங்கியிருப்பவர் அவர் என்பது தெரிந்தது. அபிதகுஜாம்பாள் அவசரமாகக் கதவை அகலத் திறந்தார். மனைவி மஹாலட்சுமிதான் சிரித்து நிலைமையைச் சமாளித்தார்.

“இவரைப் பார்த்தா எல்லாருக்கும் அப்படித்தாம்மா தோணும். எங்க கல்யாணத்துல எங்க சித்தப்பாவே, பந்தல் போட வந்த ஆளுன்னு நெனச்சு ஏணியைப் புடிக்கச் சொன்னாரு.”

“புடிச்சேனா இல்லியா?” என்றார் கங்காதரன். “அன்னிக்கு நான் புடிக்கலைன்னா அந்தப் பந்தல் உங்க சித்தப்பா தலையிலதான் வுழுந்திருக்கும்.”

முந்தைய ஆண்டு வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கிக் கிடந்ததை ஊரே பார்த்திருந்தது. கீழ்த்தள வீடுகளை ஏறெடுத்துப் பார்க்கவும் ஆளில்லை. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றிருந்த கங்காதரனுக்குச் சொந்த வீடு என்று ஒன்று வாய்த்தது அதனால்தான். கோவளத்துக் கடற்கரையில் பிறந்தவர் அவர். தந்தை கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போனவர். தாய் பூவம்மாள் கூடை சுமந்து மீன் விற்றவர். ஐ.டி.ஐ. படித்துவிட்டு, இருபத்தாறு வயதில் விழுப்புரம் பக்கத்தில் சிக்னல் பராமரிப்பு வேலையில் சேர்ந்து, தாம்பரம் யார்டில் முப்பத்து நான்காவது ஆண்டை முடித்தார். அந்த வேலையைப் பற்றி யாராவது ஒரு சொல் கேட்டுவிட்டால் போதும். அவருக்குப் பொழுது போவதே தெரியாது.

“கம்பி அறுந்துபோச்சுன்னா சிக்னல் என்ன ஆகும், சொல்லுங்க மேடம்?” என்று ஒருமுறை அபிதகுஜாம்பாளிடமே கேட்டார்.

“வேலை செய்யாது.”

“அதான் இல்ல. அப்பதான் ஒழுங்கா வேலை செய்யும். கம்பி அறுந்தாலும் சரி, கரன்ட் போனாலும் சரி, எது கெட்டாலும் வண்டி நின்னுடணும். அப்படித்தான் அதைச் செஞ்சு வெச்சிருக்கான். தெரியலைன்னா சிவப்பு. மொத்த வேலையும் அவ்ளோதான்.”

அபிதகுஜாம்பாள் அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பணிபுரிந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். கணவர் சுப்ரமணியன் மறைந்த பின்னர் முதல் மாடி வீட்டில் தனியாக இருந்தார். குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளரும் அவரே. கூட்டம் நடந்தால் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டியது அவருடைய பொறுப்பு. எதையும் முறையாகச் செய்பவர் என்று பெயரெடுத்தவர். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்தும் இருந்தது.

2019இல் மஹாலட்சுமியைப் பக்கவாதம் தாக்கிற்று. வலப்பக்கமும் பேச்சும் ஒரே நாளில் போயின. அன்றிலிருந்து குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் கங்காதரனின் கைவேலையாயின. மகன் ஹேமநாத் ஓசூரில் இருந்தான். மாதம் ஒருமுறை வந்து போனான். கங்காதரன் அலுத்துக்கொண்டு யாரும் கேட்டதில்லை. ஆனால், ஒரு கணக்கை மட்டும் அவர் மறந்ததே இல்லை: மஹாலட்சுமியை மாடிக்குத் தூக்கிச் செல்ல மூன்று பேர் வேண்டும், கால்மணி நேரம் வேண்டும். ஏரிகளின் உபரிநீர் ஓடும் கால்வாய் காலனியின் பின்புறமாகவே சென்றது. ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால், அந்தக் கால்வாய்மீதுள்ள சிறுபாலத்தில் நாளைக்கு ஐந்தாறு முறையாவது குடையோடு போய் நின்று, தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பிவிடுவார்.

2022இல் சங்கத் தலைவராக வந்த ராஜகோபால், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காலனியை ஸ்மார்ட் காலனியாக்கப் போவதாகச் சொன்னார்; ஆக்கியும் காட்டினார். அந்த மாற்றங்கள் வெறும் பகட்டு என்று சொல்லிவிட முடியாது. வீட்டுக்கு வீடு பொருத்திய தண்ணீர் மீட்டரால், வாரத்துக்கு ஒன்பது லாரித் தண்ணீர் வாங்கிய காலனிக்கு நான்கு லாரிகளே போதுமானவை ஆயின. ஆள் நடமாட்டம் இல்லாதபோது தெருவிளக்குகள் தாமாகவே மங்கின. காலடி பட்டால் பளிச்சிட்டன. ட்யூஷன் முடிந்து வரும் பெண்பிள்ளைகளுக்கு அந்த வெளிச்சமும் கேமராவும் துணையாக இருந்தன. கடைசியாகச் சிறுபாலத்தின் அடியில், தண்ணீரின் உயரத்தை அளக்கும் சென்சார் வந்தது. கைப்பேசியில் செயலியைத் திறந்தால் ஒரேயொரு வட்டம் தெரியும். பச்சையென்றால் பயமில்லை, மஞ்சளென்றால் கவனம், சிவப்பென்றால் மூன்று கம்பங்களிலிருந்து சைரன் ஊதும்.

அந்தக் காலனியில் அதற்காகக் கங்காதரனைப்போல மகிழ்ந்தவர் வேறு யாருமில்லை. “இனிமே நான் குடையைப் புடிச்சிகினு அங்க நிக்க வேணாம் மேடம். மனுசன் கண்ணசருவான்; மெஷின் அசராது,” என்றார். மகிழ்ச்சி பொங்கும்போது கோவளத்துப் பேச்சு அவர் நாவில் தானாக வந்துவிடும்.

சோதனையாக ஓடிய முதல் மாதம் அக்கினி நட்சத்திரக் காலம். கால்வாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால், இருபது நாள்களுக்குள் ஏழு முறை வட்டம் சிவந்தது. ஏழு முறை சைரன் ஊதியது. சங்கக் கூட்டம் கூடியது. கருவியைப் பொருத்திய நிறுவனத்திலிருந்து அனிருத் என்ற இளம் பொறியாளர் வந்திருந்தார்.

“வெயில் நூத்தஞ்சு டிகிரி அடிக்குது. கால்வாய்ல நாய் படுத்துத் தூங்குது. இங்க வெள்ளம் வருதுன்னு சைரன் ஊதுது,” என்றார் ராஜகோபால். “மாடம்பாக்கத்துல இருக்கிற என் மச்சினர் ஃபோன் பண்ணி, ‘கப்பல் ஏதாவது அனுப்பட்டுமா’ன்னு கேக்கறார்.”

எல்லாரும் சிரித்தனர். அனிருத்தும் சிரித்தார். “சென்சார்ல சிம் இருக்கு சார். அது கட் ஆனா டேட்டா வராது. டேட்டா வரலைன்னா ரெட் காட்டற மாதிரி வெச்சிருக்கோம். வேணும்னா செட்டிங்கை மாத்திடலாம். கடைசியா என்ன ரீடிங் வந்துதோ அதையே காட்டிட்டிருக்கும்.”

“அதை மாத்தாதீங்க தம்பி,” என்று கங்காதரன் எழுந்தார். “பதில் வரலைன்னா சிவப்புதான் காட்டணும். சிம்முல கோளாறுன்னா சிம்மை மாத்துங்க. ரெண்டு சிம் போடுங்க. கலரை எதுக்கு மாத்தணும்?”

“ஏழு தடவை பொய் சொன்னா எட்டாவது தடவை யார் சார் நம்புவா?” என்றார் ராஜகோபால்.

“சிவப்பு பொய் சொன்னா வண்டி லேட்டாகும் சார். பச்சை பொய் சொன்னா ஆள் சாவான்.”

“இது ரயில் இல்ல, காலனி. ரெண்டாவது பிளாக்ல ரெண்டு வீடு விக்கறதுக்கு இருக்கு. பார்க்க வர்றவங்க முன்னாடி சைரன் ஊதினா வாங்குவாங்களா? நீங்களே சொல்லுங்க.”

செட்டிங்கை மாற்றிவிடலாம் என்று கைகள் உயர்ந்தன. கங்காதரனின் கை மட்டும் அவர் மடியிலேயே கிடந்தது. அபிதகுஜாம்பாள், “ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது” என்று எழுதி முடித்துப் புத்தகத்தைக் கையெழுத்துக்காக நீட்டினார்.

கங்காதரன் படித்துப் பார்த்தார். “ஒருமனதான்னு இருக்கே மேடம். நான் கை தூக்கலியே.”

“எப்பவும் அப்படித்தான் சார் எழுதறது. ஒருத்தர் வேணாம்னாருன்னு எழுதினா, நாளைக்கு அதுவே ஒரு சச்சரவாகும். உங்க அபிப்பிராயம்தான் எல்லாருக்கும் தெரியுமே.”

அவர் பேனாவை வாங்கினார். “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்று கையெழுத்திட்டார்.

கூட்டம் கலைந்தபோது அனிருத்தைக் கேட்டின் அருகே மடக்கினார். “தம்பி, ஒரு தடவை அந்தப் பொட்டியைத் தொறந்து காட்டுங்களேன். கண்ணு எது, காது எதுன்னு தெரிஞ்சு வெச்சுக்குவேன்.”

“எல்லாம் சீல் பண்ணது அங்கிள். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல. அது பாட்டுக்கு வேலை செய்யும்.”

2023ஆம் ஆண்டு ஆயுத பூஜையன்று காலனி முழுவதும் சந்தன வாசனையாக இருந்தது. கார்களின் முகப்பில் பொட்டு. மடிக்கணினிகளின் மூடியில் பொட்டு. ராஜகோபால் வீட்டு வாஷிங் மெஷினுக்கு மாலையே போட்டிருந்தார்கள். கங்காதரன் தம் திருப்புளி, குறடு, மஹாலட்சுமியின் சக்கர நாற்காலி எல்லாவற்றுக்கும் பூஜையை முடித்துவிட்டு மாடியேறி வந்தார்.

“பாலத்துச் சென்சாருக்கு யாரும் வெக்கல மேடம். எங்க ஊர்ல எதை நம்பித் தண்ணிக்குள்ள போறமோ, அதுக்குப் பொட்டு வெக்காம போவ மாட்டோம். இத்தினி வீடும் அதை நம்பிக்கினு கீது. உங்க வூட்டுல சந்தனம் நல்லா அரைச்சிருப்பீங்க. கொஞ்சம் குடுங்க.”

அபிதகுஜாம்பாள் சந்தனக் கிண்ணத்தையும் தட்டையும் எடுத்துக்கொண்டு தாமே உடன் சென்றார். கால்வாயில் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். கங்காதரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பாலத்தின் அடியில், கீழ்நோக்கிப் பார்த்தபடி ஒரு சாம்பல்நிறப் பெட்டி இருந்தது. அதன் அடிப்பக்கத்தில் கறுப்பாக, வட்டமாக, உள்ளங்கையளவில் ஒரு தகடு. ரயில்வேயில் அவர் விளக்குக் கண்ணாடிமீது ஒருநாளும் பொட்டு வைத்ததில்லை. அதன் தலைமூடிக்குத்தான் வைப்பார். இந்தப் பெட்டியில் கண்ணாடி எதுவும் கண்ணுக்குப் படவில்லை. கறுப்புத் தகடு மூடியாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி, அதன்மேல் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார். கரையில் நின்றபடி அபிதகுஜாம்பாள் கற்பூரம் காட்டினார். இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அந்தத் தகடுதான் கருவியின் வாயும் காதும். ஒலியை நீரின்மீது அனுப்பி, அது திரும்பி வருவதைக் கேட்டு உயரத்தை அளக்கும் பகுதி அதுவே. சந்தனம் காய்ந்து இறுகியதும் கருவி செவிடாகிவிட்டது. பழைய ஏற்பாடு இருந்திருந்தால் அன்று மாலையே வட்டம் சிவந்திருக்கும். புதிய ஏற்பாட்டின்படி, கடைசியாகக் கேட்ட கணுக்கால் தண்ணீரையே அது உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆறு வாரங்கள், பச்சை மாறாமல்.

டிசம்பர் முதல் வாரத்தில் புயல் மழை பிடித்தது. இரண்டாம் நாள் காலை சற்று வெறித்திருந்தது. மஹாலட்சுமிக்கு வலிப்பு மாத்திரை தீர்ந்துவிட்டது. பக்கத்துக் கடைகள் திறக்கவில்லை. தாம்பரத்துக்குத்தான் போக வேண்டும். கங்காதரன் மாடியேறி வந்து, கைப்பேசியை எடுத்துக் காட்டினார்.

“பச்சையாத்தான் இருக்கு மேடம். ஒரு மணி நேரத்துல வந்துடறேன். இன்னொரு சாவி உங்ககிட்ட இருக்கில்ல?”

“இருக்கு சார். நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க. நான் பார்த்துக்கறேன்.”

அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், கைப்பேசியை. மின்சாரம் இல்லாத வீட்டில், பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதென்று வேறு யாருக்கும் பேசாமல், காற்றுக்குச் சன்னல்களை அடைத்துக்கொண்டு, கால்மணிக்கு ஒருமுறை செயலியைத் திறந்து பார்த்தார். பச்சை. ஒருமுறைகூடச் சன்னலைத் திறந்து தெருவைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கீழே ஏதோ இரும்பில் மோதும் ஓசை கேட்டது. யாரோ கேட்டைத் தட்டுகிறார்கள் என்று எண்ணி இறங்கியவர், பாதிப் படியிலேயே நின்றுவிட்டார். கீழ்ப்படிகள் நான்கும் நீருக்குள் இருந்தன. மிதந்துகொண்டிருந்த எரிவாயு சிலிண்டர் ஒன்று, கங்காதரன் வீட்டுக் கிரில் கதவில் மோதிக்கொண்டிருந்தது.

இரண்டாம் மாடியிலிருந்த இரண்டு ஆண்களைக் கூவியழைத்து, நீரின் அழுத்தத்துக்கு எதிராகக் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போனபோது, தண்ணீர் கட்டில் மெத்தையை நனைத்து மேலேறியிருந்தது. மஹாலட்சுமி இடக்கையால் கட்டில் தலைமாட்டுக் கம்பியைப் பற்றிக்கொண்டு, மோவாயை உயர்த்தி வைத்திருந்தார். அவரால் கூப்பிட முடியாது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாரோ? அவர் கண்கள் வாயிற்பக்கமே நிலைத்திருந்தன. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அவரை மேலே தூக்கிவந்தார்கள்.

கங்காதரன் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. பஸ் நின்றுவிட்டதால், முடிச்சூர்ச் சாலை முழுவதையும் மார்பளவுத் தண்ணீரில் நடந்து கடந்திருந்தார். மாத்திரைப் பையைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்திருந்த கை, மாடிக்கு வந்த பின்னும் உயர்ந்தபடியே இருந்தது. யாரோதான் அதை இறக்கிவிட்டார்கள்.

நுரையீரலில் சளி கட்டிக்கொண்டு, பதினோராம் நாள் மஹாலட்சுமி இறந்துபோனார்.

தண்ணீர் வடிந்ததும் அனிருத் வந்து கருவியைக் கழற்றினார். கறுப்புத் தகட்டில் இறுகிக் கிடந்த சந்தனத்தையும் நடுவிலிருந்த குங்குமத்தையும் படமெடுத்து, காலனியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மூழ்கிய கார்களையும் சோபாக்களையும் நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்த குழுவில் ஒரு நிம்மதி பரவிற்று. பூசியது தாம்தான் என்று கங்காதரனே ஒப்புக்கொண்டார்; குற்றவாளி கிடைத்துவிட்டார்.

தை மாதக் கூட்டம் மொட்டை மாடியில் நடந்தது. கங்காதரன் மனைவிக்குக் காரியம் முடித்து, மொட்டைத் தலையோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

“உங்க துக்கம் எங்களுக்கும் துக்கம்தான்,” என்று ராஜகோபால் தொடங்கினார். “ஆனா உண்மையைச் சொல்லித்தானே ஆகணும்? படகுக்குப் பொட்டு வெக்கிற மாதிரி சென்சாருக்கு வெச்சா அது என்ன செய்யும்? நாம டெக்னாலஜியைக் கொண்டுவர்றோம். நம்ம ஜனங்க அதுக்குச் சந்தனம் பூசறாங்க.”

சிலர் சிரித்தார்கள். வாஷிங் மெஷினுக்கு மாலை போட்ட வீட்டிலிருந்தும் சிரிப்பு வந்தது.

கங்காதரன் எழுந்தார். “பூசினது நான்தான். தப்புதான். அதை நான் எங்கயும் சொல்லுவேன். ஆனா அது செவிடாப்போன அன்னிக்கே சிவப்பு காட்டியிருந்தா, அன்னிக்கே தொடைச்சிருப்பேனே சார். அதை மாத்தாதீங்கன்னு அப்பவே சொன்னேனே.”

“எப்போ சொன்னீங்க?” ராஜகோபால் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினார். “இதோ. ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கீழ உங்க கையெழுத்தும் இருக்கு.”

கங்காதரன் அபிதகுஜாம்பாளைப் பார்த்தார். “மேடத்துக்குத் தெரியும்,” என்றார்.

அனைவரும் திரும்பினர். அபிதகுஜாம்பாளின் முப்பத்தெட்டு ஆண்டுப் பணிக்காலத்தில் அவர் எழுதிய கோப்பு ஒன்றிலேனும் பொய் இருந்தது என்று யாரும் சொன்னதில்லை. இப்போது வாய் திறந்தால் அதைத் தாமே சொல்ல வேண்டும். சந்தனம் யார் வீட்டுடையது, கற்பூரம் காட்டியது யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

“புத்தகத்துல என்ன இருக்கோ அதுதான்,” என்றார்.

கங்காதரன் தலையை ஒருமுறை அசைத்தார். “சரிங்கம்மா,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதன்பிறகு அவர் மாடியேறி வரவில்லை. எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்வார், காய்கறி வண்டி வந்திருப்பதைச் சொல்வார், அதற்குமேல் ஒன்றுமில்லை. சண்டையிட்டிருந்தால்கூட அபிதகுஜாம்பாளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கருவியைக் கழுவித் திரும்பப் பொருத்தினார்கள். “இங்கே பூஜை செய்யக் கூடாது” என்று ஒரு பலகை மாட்டினார்கள். பதில் வராதபோது காட்டும் நிறத்தை மட்டும் யாரும் பழையபடி சிவப்பாக மாற்றவில்லை. கங்காதரன் நிறுவனத்துக்கு எழுதினார். ‘வாடிக்கையாளர் விரும்பியபடியே அமைத்துள்ளோம்’ என்று பதில் வந்தது. சங்கத்துக்கு மூன்று முறை எழுதினார். மூன்றையும் செயலாளர் அபிதகுஜாம்பாள் பெற்றுக்கொண்டு, தேதியிட்டு, தலைவருக்கு அனுப்பினார். முறைப்படி செய்ய வேண்டியதை அவர் செய்தார். மூன்று முறையும், ‘பரிசீலிக்கப்படும்’ என்ற பதிலையும் அவரே அழகாக எழுதிக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தார். மழைக்காலம் வந்தபோது, காப்பாற்ற யாருமில்லாத வீட்டைப் பூட்டிவிட்டு, கங்காதரன் மீண்டும் குடையோடு பாலத்தில் நின்றார். காலனிக்காரர்கள் அவரைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் வண்டியைத் திருப்பிக்கொண்டார்கள்.

2025 ஐப்பசியில் அவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகவும், அப்பா அவரைப் பார்க்க விரும்புவதாகவும் ஹேமநாத் தொலைபேசியில் சொன்னபோது, அபிதகுஜாம்பாள் உடனே ஆட்டோ பிடித்தார். வழி நெடுகிலும் சொல்ல வேண்டிய சொற்களை அடுக்கிப் பார்த்தார். இரண்டு ஆண்டுகளாக அடுக்கிக்கொண்டிருந்த சொற்கள்தாம்.

கங்காதரன் தலையணையில் சாய்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. ஹேமநாத் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான்.

“வாங்க மேடம். உக்காருங்க.”

“சார், அன்னிக்கு மீட்டிங்ல நான் வாயைத் திறந்திருக்கணும். புத்தகத்துல நான் எழுதினது…”

“அது கெடக்கட்டும்,” என்றார் அவர். குரலில் கோபமில்லை, கேட்பதற்கு நேரமில்லை என்பதுபோல் இருந்தது. “வூட்டை விக்கறான் ஹேமு. ஆளு வந்து பார்த்துட்டாங்க. திண்டுக்கல் பக்கத்துலேர்ந்து வந்த புருஷன் பொண்டாட்டி, ரெண்டு பேருக்கும் ஐ.டி. வேலை. அந்தப் பொண்ணோட அப்பாவுக்கு நடக்க முடியாது. அதனாலதான் கீழ்வீடாப் பார்க்கறாங்க.”

அபிதகுஜாம்பாள் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“புரோக்கர் கையோட அவங்க ஃபோன்ல அந்த ஆப்பைப் போட்டுக் குடுத்துட்டான். அந்தப் பொண்ணு இங்க வந்து, ‘சென்சார்லாம் இருக்கு அங்கிள், எங்க அப்பாவைப் பத்திக் கவலையே இல்ல’ன்னு எங்கிட்டயே பச்சையைக் காட்டுது. நான் சொல்ல ஆரம்பிச்சேன். ஹேமு குறுக்க பூந்து, அப்பாவுக்கு மருந்து மயக்கம், எதையாவது பேசுவாருன்னுட்டான்.”

“ஹேமநாத் மேலயும் தப்பு சொல்ல முடியாது சார். ஆஸ்பத்திரிச் செலவு…”

“நான் தப்பு சொல்லல. அவன் கஷ்டம் அவனுக்கு.” மூச்சு வாங்கியது. “ஞாயித்துக்கெழமை அந்தப் பெரியவரைக் கூட்டிகினு வந்து காட்டப்போறாங்க. அதுக்குள்ள நான் எழுந்து வர மாட்டேன்.”

“அப்படிச் சொல்லாதீங்க.”

“நான் சொன்னா மருந்து மயக்கம்பாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க மேடம். உங்களைப் பார்த்தாலே நம்புவாங்க.”

வெளியே வராந்தாவில் ஹேமநாத்தின் செருப்போசை கேட்டது. கங்காதரன் ஊசி செருகியிருந்த கையை நகர்த்தி, அபிதகுஜாம்பாளின் கைப்பையைத் தொட்டார்.

“ஞாயித்துக்கெழமை நீங்க கீழ எறங்கி வாங்க. அந்தப் பெரியவரை உள்ள தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி வாசல்லயே நிறுத்துங்க. அந்தச் சென்சார் செத்துப்போனாலும் பச்சையாத்தான் காட்டும்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிடுங்க.”